அக்காவின் மட்டாஞ்சேரி இழுவை

ஈரோட்டில் ஒரு பெரிய ஜவுளிக் கடைக்குள் நீங்கள் நுழைந்தால் தலைக்கு மேலே ஒரு குரல் கேட்கும். "அன்பார்ந்த வாடிக்கையாளர்களே, பட்டுப் பிரிவு இரண்டாம் தளத்தில் உங்களை அன்புடன் வரவேற்கிறது." அந்தக் குரல் நான்தான். ஆடித் தள்ளுபடி, அம்மாவைத் தேடி அழும் குழந்தை, வழியை மறித்து நிற்கும் வெள்ளைக் கார் என்று எதுவானாலும் ஒரே இனிமையோடு சொல்லிவிடுவேன். என் ழகரத்துக்காகவே கடைக்கு வருகிறவர்கள் உண்டு என்று முதலாளி ஒருமுறை சொன்னார். நான் லீவு கேட்டு நின்றபோது சொன்னதால் அதை முழுதாக நம்பவில்லை. ஆனாலும் மறக்கவில்லை.

இந்தக் குரலை நம்பித்தான் என்னைக் கொச்சிக்குக் கூப்பிட்டார்கள்.

என் அக்கா சகுந்தலா மட்டாஞ்சேரியில் வாழ்க்கைப்பட்டவள். அத்தை வீடு, மாமன் வீடு எல்லாம் இல்லை. தரகர் கொண்டுவந்த சம்பந்தம். மச்சானுக்கு பஜார் ரோட்டில் அரிசியும் பருப்பும் மொத்த வியாபாரம். பல தலைமுறையாக அங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். போன மழைக்காலத்தில் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. கால் ஓரளவு தேறிவிட்டது. வலது கை இன்னும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. பேச்சோ போனது போனதுதான். நாம் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரிகிறது, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கிறாள். பதில் சொல்ல வாயைத் திறந்தால் "செரி செரி" என்பது மட்டும்தான் வருகிறது. சாப்பிடுகிறாயா என்றால் செரி செரி. வேண்டாமா என்றாலும் செரி செரி.

மருமகள் சிந்து, அதாவது அக்காவின் மகள், போனில் சொன்னது இதுதான்: "மாமா, ஒரு உபகாரம் செய்யணும். இங்க ஒரு மியூசிக் தெரப்பி டீச்சர் அம்மைக்குப் பாட்டு வெச்சுப் பேச்சு சொல்லித் தராங்க. இதுவரைக்கும் மலையாளத்துலதான் செஞ்சது. ஒண்ணும் வரல. அம்மை பொறந்து வளர்ந்தது தமிழ்ல ஆச்சே, நல்ல தமிழ்ல செஞ்சா வரும்னு தோணுது. எங்க தமிழ் ஒரு மாதிரியாக்கும். அதை டீச்சர்கிட்ட எப்படிப் பறயறது? நீங்க வந்து பறஞ்சு குடுக்கணும்."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் சொன்னாள். அக்கா சலித்துப் போய்விட்டாள். டீச்சர் கையைப் பிடித்தால் உருவிக்கொள்கிறாள். இஷ்டமில்லாதவர்களைக் கட்டாயப்படுத்த முடியாது, இந்த வாரமும் இப்படியே போனால் நிறுத்திவிடலாம் என்று டீச்சர் சொல்லிவிட்டார். நிறுத்தினால் அக்காவுக்கு மிச்சமிருப்பது அந்தச் செரி செரி ஒன்றுதான்.

நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

முதல் நாளே ஒரு கூத்து. எர்ணாகுளத்திலிருந்து மட்டாஞ்சேரிக்குத் தண்ணீரில் போகும் மெட்ரோ படகு இருக்கிறது. ஏசி, பெரிய கண்ணாடி ஜன்னல், நம் ஊர் பஸ்ஸில் பார்க்க முடியாத சுத்தம். உள்ளே பதிவு செய்த ஒரு பெண் குரல் மலையாளத்தில் அறிவித்துக்கொண்டிருந்தது. தொழில்காரன் காதல்லவா, அந்தக் குரல் எங்கே மூச்சு வாங்குகிறது, எந்த இடத்தில் சிரிப்பை வைக்கிறது என்று ரசித்துக்கொண்டிருந்தேன். என்ன சொல்கிறது என்பதை மட்டும் கவனிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே வல்லார்பாடம் துறைமுகத்தின் ராட்சதப் பளுதூக்கிகள் மெல்ல நகர்ந்தன. ஏதோ சரியில்லை என்று தோன்றியபோது, மடியில் பலாப்பழத்தை வைத்திருந்த ஒரு அம்மாளிடம் கேட்டேன். இது வைப்பின் போகிற படகு, மட்டாஞ்சேரிக்கு வேறு படகு என்றார். போகட்டும், இங்கிருந்து பார்த்தால்தான் துறைமுகம் அழகாகத் தெரியும் என்று ஆறுதலும் சொன்னார். அவர் சொன்னது உண்மைதான். மழை வருமா வராதா என்ற வெளிச்சத்தில் கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாக இருந்தன. தவறான படகில் உட்கார்ந்திருந்த எனக்கு இறங்கவே மனம் வரவில்லை.

மட்டாஞ்சேரிக்குள் கால் வைத்ததும் சுக்கு வாசனை. பஜார் ரோட்டில் லாரிகள் ஒன்றின் மூக்கில் ஒன்று இடித்துக்கொண்டு நிற்க, நடுவில் ஆடுகள் சாவகாசமாக நடந்தன. உதிர்ந்து கிடக்கும் அரிசியைத் தின்று கொழுத்த ஆடுகள். ஈரோட்டில் இப்படி ஒரு ஆடு நடந்தால் ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டாது.

மச்சான் கடை வாசலிலேயே நின்றிருந்தார். "மாப்ளே, வைகியாச்சே. வண்டி லேட்டோ?" என்றார். நான் படகுக் கதையைச் சொல்லவில்லை. அடுத்த பத்து வருஷத்துக்கு அதைச் சொல்லியே சிரிப்பார்.

வீடு கடைக்குப் பின்னால் ஒரு சந்துக்குள். அக்கா ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் விரிந்தது. இடது கையால் என் கன்னத்தைத் தடவி, "செரி... செரி செரி" என்றாள். அதில் எப்போது வந்தாய், ஏன் இளைத்துவிட்டாய், பெண்டாட்டி பிள்ளைகள் நலமா எல்லாம் இருந்தது. "நல்லா இருக்கறேன் அக்கா, எல்லாரும் நல்லா இருக்கறாங்க" என்று பொதுவாகச் சொல்லிவைத்தேன்.

சாப்பாட்டுக்குச் சிவப்புக் கொட்டை அரிசிச் சோறு, குடம்புளி போட்ட மீன் கறி, பயறுத் தோரன். குடிக்கப் பதிமுகம் என்ற மரப்பட்டை போட்டுக் காய்ச்சிய இளஞ்சிவப்புத் தண்ணீர். நம் ஊரில் இந்த நிறத்தில் தண்ணீர் கொடுத்தால் டம்ளரைச் சரியாகக் கழுவவில்லை என்று சண்டை வரும். இங்கே இரண்டு டம்ளர் குடித்தேன். அக்கா என் தட்டில் மீனை வைத்துக்கொண்டே இருந்தாள். போதும் என்று சொல்லச் சொல்ல, செரி செரி என்று வைத்தாள்.

மறுநாள் காலை எல்லோரும் சிகிச்சை மையத்துக்குப் போனோம். அரண்மனைச் சாலைக்குப் பக்கத்தில், ஒரு காலத்தில் ஏலக்காய் வைத்திருந்த பண்டகசாலையின் மாடி அது. படியேறும்போதே இன்னும் அந்த வாசனை வந்தது. மேலே நீளமான ஒரு அறை, பாய்கள், ஒரு கீபோர்டு, சில கைத்தாளங்கள், பிள்ளைகளுக்கான சின்ன முரசுகள். காலையில் சிறப்புப் பள்ளியிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். முரசு ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகிறது. தன் முறை வரும்வரை காத்திருப்பதுதான் பாடம். நாங்கள் போனபோது ஒரு சின்னப் பெண் முரசைக் கொடுக்க மனமில்லாமல் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். யாரும் பிடுங்கவில்லை. பாட்டு மட்டும் அவளைச் சுற்றித் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. கடைசியில் அவளாகவே பக்கத்துப் பையனிடம் தள்ளினாள்.

இன்னொரு மூலையில் நடுக்க நோய் வந்த ஒரு பெரியவர், கதவைத் தாண்ட முடியாமல் உறைந்து நின்றிருந்தார். கால்கள் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி. உதவியாளர் கதவுச் சட்டத்தில் ஒரே சீராகத் தட்டினார். தட்டு, தட்டு, தட்டு. பெரியவர் அந்தத் தாளத்தில் காலைத் தூக்கி வைத்து அறையைத் தாண்டிப் போய்விட்டார். போய்விட்டுத் திரும்பிப் பார்த்து, "கடைக்குப் போகும்போது யார் தட்டுவார்கள்?" என்று மலையாளத்தில் கேட்டார். மனசுக்குள் நீங்களே தட்டிக்கொள்ளுங்கள், அதற்குத்தான் பயிற்சி என்று பதில் வந்தது.

சிந்து சொன்ன டீச்சரின் பெயர் ஃபௌசியா. முப்பதுகளில் இருக்கும். மட்டாஞ்சேரிக்காரர்தான். அவருடைய அப்பா பகலில் மரக்கடையில் வேலை செய்து, சாயங்காலம் கஜல் கச்சேரிகளுக்குத் தபலா வாசித்தவராம். இந்த ஊரில் அது ஒன்றும் அதிசயமில்லை என்றார். அவர் சொன்னதையெல்லாம் சிந்து எனக்குத் தமிழில் சொன்னாள்.

"பேச்சை நடத்துவது பெரும்பாலும் மூளையின் இடது பக்கம். உங்கள் அக்காவுக்கு அடிபட்டதும் அங்கேதான். பாட்டுக்கு வலது பக்கமும் கை கொடுக்கும். அதனால் பேச முடியாத சிலர் பாடுவார்கள். நாங்கள் ஒரு சின்ன வாக்கியத்தை எடுத்து, அது பேச்சில் எப்படி ஏறி இறங்குகிறதோ அதையே கொஞ்சம் நீட்டி இரண்டு சுரத்தில் பாடுகிறோம். ஒவ்வொரு அசைக்கும் இடது கையைத் தட்டுகிறோம். வந்துவிட்டால் பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடுவோம். சிலருக்கு வரும், சிலருக்கு வராது. யாருக்கு ஏன் வருகிறது என்று ஆராய்ச்சிக்காரர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். நான் மந்திரவாதி இல்லை சேட்டா."

பிறகு அக்காவைப் பாடவைத்தார். அக்கா ஒரு சாமி பாட்டை முழுக்கப் பாடினாள். தெளிவாக, ஒரு சொல்கூடப் பிசகாமல். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பாட்டில் விளக்கு என்ற சொல் வருகிறது. பாட்டு முடிந்ததும் ஃபௌசியா சுவரிலிருந்த விளக்கைக் காட்டி அது என்ன என்று கேட்டார். அக்கா வாயைத் திறந்தாள், உதடுகள் தேடின. "செரி செரி" என்றாள். அவள் கண்ணைப் பார்க்க முடியாமல் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

என் முறை வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "எனக்குத் தேநீர் வேண்டும்" என்றேன். அறையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு சுத்தம். ஃபௌசியா கொஞ்சம் யோசித்து, நீங்கள் வீட்டில் டீ கேட்பது இப்படித்தானா என்றார். அவர் சொன்னது சரிதான் என்று இறங்கிவந்து, ஈரோட்டுப் பேச்சில் "எனக்கு டீ வேணும்" என்று சொல்லிக் கொடுத்தேன். "தலை வலிக்குது", "கண்ணு, இங்க வா" என்று இன்னும் சில. ஃபௌசியா ஒவ்வொன்றையும் என் குரலின் ஏற்ற இறக்கத்தோடு முனகிப் பார்த்து, பாட்டாக்கி, அக்காவின் இடது கையைப் பிடித்துத் தட்டித் தட்டிப் பாடினார். எ-னக்-கு-டீ-வே-ணும். திரும்பத் திரும்ப.

அக்கா முயன்றாள். இரண்டாவது சுரத்திலேயே வழுக்கி விழுந்தாள். முணுமுணுத்தாள். மறுபடி செரி செரி. நான் பக்கத்திலிருந்து, "அக்கா, டீ, டீ, சொல்லு" என்று உற்சாகப்படுத்தினேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையை உருவி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவ்வளவுதான்.

அடுத்த நாள் அவள் கட்டிலை விட்டு எழவே இல்லை. சிந்து புடவையை எடுத்து வைத்தாள், மச்சான் ஆட்டோவைக் கூப்பிட்டார். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஆட்டோவைத் திருப்பி அனுப்பினோம். சிந்து இடப்பள்ளியில் இருக்கும் தன் ஆபீசுக்குப் போனாள். போகும்போது வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். நான் ஒன்றுக்கும் உதவாமல் தெருவில் நடந்தேன்.

யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுன் தெருவில் ஒரு கடைக்காரர் என்னிடம் முதலில் இந்தியில் பேசினார், பிறகு ஆங்கிலத்தில். நான் ஒரு பித்தளைப் பூட்டைத் தொட்டதும், "வாங்கண்ணே, உள்ள வந்து பாருங்க" என்றார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றேன். பூட்டை எடுத்ததும் இழுத்துப் பார்த்தீர்களே, தமிழ்நாட்டுக்காரர்கள்தான் இழுத்துப் பார்ப்பார்கள் என்றார். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி மழைக்கு ஒதுங்கி நின்று, குடை வாங்குவதா நனைவதா என்று மெல்லச் சண்டை போட்டார்கள். மழை அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. சட்டென்று கொட்டி, அதே வேகத்தில் நின்றது. ஓடுகளிலிருந்து வெகுநேரம் தண்ணீர் சொட்டியது. தெரு முழுக்கக் கிராம்பு மணம். அந்த மணத்திலேயே நடந்தால் காலும் தலையும் லேசாகி, நாம் எதற்கு வந்தோம் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோகிறது. கிராம்பு மூட்டைகள் அடுக்கிய ஒரு கிடங்கு வாசலில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். தூரத்தில் படகு ஹாரன், ஒரு மசூதியின் பாங்கு, எங்கோ யாரோ ஹார்மோனியத்தில் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பது. எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று தெரியாமல் எல்லாம் ஒரே ஒலியாகக் கலந்து என்னைத் தூங்கவைத்துவிட்டது.

விழித்தபோது மச்சான் என் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். "மாப்ளே, இங்கயா உறக்கம்? வா, சாயா குடிக்கலாம்."

டீக்கடையில் பழம்பொரி சுடச்சுட வந்தது. நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரிப்பதை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் நன்றாக இருக்கட்டும். மச்சான் தன் கண்ணாடி டம்ளரைச் சுழற்றிக்கொண்டே பேசினார். சோகமாகப் பேசினால் தாங்கமாட்டோம் என்று வேடிக்கையாகப் பேசினார்.

"உங்க அக்கா கல்யாணம் கழிஞ்சு இங்க வந்தப்ப உங்க ஊர்த் தமிழ்தான். கொஞ்ச நாள்ல எங்க மாதிரி நீட்டி நீட்டிப் பேசத் தொடங்கிட்டா. ஈரோட்டுக்குப் போனா நீங்கல்லாம் கிண்டல் செய்வீங்களே. அதனால வண்டி வாளையார் தாண்டினதும் தொண்டைய மாத்திக்குவா. திரும்பி வரும்போது பாலக்காட்டுல ஜன்னல் வழியா சாயா வாங்குவா பாரு, அப்ப பழைய நீட்டம் வந்துடும். பிள்ளைங்க கைதட்டிச் சிரிக்கும்."

நானும் சிரித்தேன். எங்கள் வீட்டில் அது நிரந்தர விளையாட்டு. அக்கா போன் செய்தால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, அவள் வாக்கியத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் இழுப்போம். அவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்துவிட்டு அடுத்த வாக்கியத்தை எங்களைப் போலவே வெட்டிப் பேசுவாள். டீக்கடையில் அதை நினைத்தபோதும் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. வேறொன்றும் தோன்றவில்லை.

அக்கா வராததால் மறுநாள் சாயங்காலம் ஃபௌசியாவே வீட்டுக்கு வந்தார். விடைபெற வந்தாரோ என்று எனக்குப் பயம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "சேச்சி, உங்களுக்கு வேண்டாம் என்றால் வேண்டாம். நான் கோபப்படமாட்டேன்" என்று மலையாளத்தில் சொன்னார். அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு "செரி செரி" என்றாள். வேண்டாம் என்பதற்குச் செரியா, வேண்டும் என்பதற்குச் செரியா? யாருக்கும் தெரியவில்லை. சிந்து அடுக்களையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். அங்கிருந்தபடியே, கதவுக்கு வெளியே தலையை நீட்டாமல், தினமும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"அம்மே, சாயா வேணமோ? இல்ல, கஞ்சி எடுக்கட்டோ?"

அந்த வாக்கியம் கீழே கிளம்பி, நடுவில் மேலே போய், கடைசியில் வளைந்து நீண்டது. ஈரோட்டில் நாங்கள் இழுத்துக் காட்டிச் சிரிப்போமே, அதேதான். ஃபௌசியா நிமிர்ந்தார். உதட்டை மூடிக்கொண்டு அந்தக் கேள்வியின் ராகத்தை மட்டும் முனகினார். பிறகு அடுக்களை வாசலுக்குப் போய்க் கேட்டார்.

"இப்போது பேசினாயே, அது என்ன பாஷை?"

சிந்து முகம் சிவந்து, "அது ஒண்ணுமில்ல டீச்சர். சும்மா வீட்டுல பறயறது" என்றாள்.

"வீட்டில் எந்த பாஷை என்று நான் முதல் நாளே கேட்டேனே? மலையாளம் தெரியும் என்றீர்கள். பிறகு தமிழ் என்றீர்கள். தமிழுக்கு ஈரோட்டிலிருந்து ஆள் கொண்டுவந்தீர்கள். இதை ஏன் ஒருவரும் சொல்லவில்லை?"

பதில் சொன்னவர் மச்சான். அவருக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "டீச்சர் பாஷை ஏதுன்னு கேட்டீங்க. இது பாஷை இல்லயே. தமிழும் இல்ல, மலையாளமும் இல்ல. இத எப்படிங்க வெளிய பறயறது?"

ஃபௌசியா நெற்றியில் கைவைத்துக்கொண்டார். கோபம்தான், ஆனால் சிரிப்பும் வந்துவிட்டது. திரும்பிவந்து அக்காவின் இடது கையைப் பிடித்தார். அக்கா கையை உருவவில்லை. ஃபௌசியா அந்த வளைந்த ராகத்தை முனகினார், சொற்கள் இல்லாமல். மறுபடி முனகினார். அக்காவின் விரல்கள் போர்வையின் மேல் அசைந்தன. பிறகு இருவரும் சேர்ந்து முனகினார்கள். வெளியே அரிசி வண்டி ஒன்று பின்னால் நகரும் பீப் ஓசை. மாலை வெயில் மஞ்சளாகக் கட்டிலில் விழுந்திருந்தது. எனக்கு அந்தக் கிடங்கு வாசலில் பாதியில் விட்ட தூக்கத்துக்குள் மறுபடி போன மாதிரி இருந்தது.

"சா-யா-வே-ணம்" என்று ஃபௌசியா பாடினார்.

"சா... யா... வே..." என்றாள் அக்கா.

ஃபௌசியா பாடுவதை நிறுத்திவிட்டுக் கையை மட்டும் தட்டினார்.

"ணம்."

சிந்து கையில் கரண்டியோடு நின்றாள். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. யாரும் அதைப் போய் அணைக்கவில்லை. மச்சான் வேட்டி நுனியால் முகத்தை மூடிக்கொண்டார். நான் வெளிப்படையாகவே அழுதேன். அழுதுகொண்டே, "டீன்னு சொன்னா இன்னும் சுலபமா இருக்கும்ல?" என்றும் கேட்டேன்.

ஃபௌசியா எங்களைக் கொஞ்சம் தரைக்கு இறக்கினார். இது பாட்டாகத்தான் வந்திருக்கிறது, பேச்சாக மாற நாளாகும், மாறாமலும் போகலாம், நாளைக்கு இதுகூட வராமல் இருக்கலாம் என்றார். அவர் சொன்னபடியே அடுத்த நாள் காலையில் வரவில்லை, மதியம் வந்தது. என் பதவி பறிபோய், வாக்கியம் சொல்லிக் கொடுக்கும் வேலை சிந்துவுக்கும் மச்சானுக்கும் போயிற்று. "தல வேதனிக்கறது", "மோளே, இங்க வா", "ஃபேன் போடு" என்று. மச்சான் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து ஓடிவந்து, கூச்சத்தோடு ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு ஓடுவார். சொந்தப் பேச்சை ஒருவர் கேட்டு எழுதிக்கொள்வது அவருக்குக் தன்னைப் பெண் பார்க்க வந்த மாதிரி இருந்தது.

வீட்டில் இருக்கும் எல்லோரும் அந்த ராகத்திலேயே பேச வேண்டும் என்பது ஃபௌசியாவின் உத்தரவு. அதனால் நானும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. இருபது வருஷமாக மேடைத் தமிழில் ஊறிய நாக்கு. "அக்கே, சாயா வேணமோ" என்று நான் இழுத்தால், பட்டுப் பிரிவுக்கு வழி சொல்கிற மாதிரியே வந்தது. அக்கா அடக்கமாட்டாமல் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிந்து வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினாள். ஈரோட்டில் இவர்களைப் பார்த்து நாங்கள் சிரித்த கணக்கெல்லாம் அன்று ஒரே மூச்சில் நேராகிவிட்டது.

நான் கிளம்ப வேண்டிய நாளும் வந்தது. காலையில் சிந்து அப்பமும் முட்டை ரோஸ்ட்டும் செய்திருந்தாள். ஃபௌசியா சீக்கிரமே வந்துவிட்டார். அந்த வாரம் முடிகிறது, தொடர்வதா நிறுத்துவதா என்று அக்காதான் சொல்ல வேண்டும் என்றார். சில நாளாகக் கை கொடுக்கிறாள், அது உண்மை. ஆனால் இது மாதக்கணக்கில் இழுக்கும் வேலை. களைப்பு வரும், கோபம் வரும், வந்த சொல் காணாமல் போகும். தெரிந்துதான் சம்மதிக்க வேண்டும், மற்றவர்கள் ஆசைக்காகக் கூடாது என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் முகத்தில் அந்தப் பழைய சலிப்பு மறுபடி வந்து உட்கார்வதை நான் பார்த்தேன்.

பயம் வந்தால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு, கடைக் குரலை எடுத்தேன். "அக்கா, நான் சொல்றதக் கேளு. முயற்சிய மட்டும் விட்டுறக் கூடாது. இவ்வளவு தூரம் வந்துட்ட. உனக்காக இத்தனை பேர் காத்திருக்கறோம். மனசு வெச்சா முடியாதது எதுவும் இல்ல. ஒவ்வொரு நாளும் ஒரு புது நாள்..." எனக்கே கேட்க நன்றாக இருந்தது. மச்சான் மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்தார். நான் இன்னும் மேலே போனேன்.

அக்காவின் இடது கை என் முழங்காலில் விழுந்தது. ஆறுதலுக்கு வைக்கிறாள் என்று நினைத்தேன். கை தட்டியது. ஒரு தட்டு. சற்றுப் பொறுத்து இன்னொரு தட்டு. அவள் என்னையே பார்த்துக்கொண்டு, கீழே கிளம்பி மேலே ஏறி, வளைத்து நீட்டிப் பாடினாள்.

"நீ... மிண்... டா... ம... இரு."

அந்த ஊரில் மிண்டாமல் இரு என்றால் வாயை மூடு என்று அர்த்தம்.

ஃபௌசியா சிந்துவைப் பார்த்தார், சிந்து மச்சானைப் பார்த்தாள். யாரும் அதைச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. எந்தப் பயிற்சியிலும் அந்த வாக்கியம் இல்லை. அதை அவளே தேடி எடுத்திருக்கிறாள், தன் தம்பிக்காக.

நான் வாயை மூடிக்கொண்டேன். வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாக ஒரு முறையும் மூடியதில்லை.

ஃபௌசியா நாற்காலியைக் கட்டிலுக்கு அருகே நகர்த்தினார். கையைப் பிடிக்கவில்லை, தட்டவில்லை, முனகவில்லை. அந்த வீட்டுப் பேச்சிலேயே, கொஞ்சம் தடுமாறி, சிந்துவைப் போலவே வாலை வளைத்துக் கேட்டார். "சேச்சி, நாளைக்கு வரட்டோ?"

பழக்கதோஷத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக்கூட ஆட்டவில்லை. அக்கா கட்டில் சட்டத்தில் விரல்களை வைத்தாள். நாங்கள் காத்திருந்தோம். விரல் ஒருமுறை தட்டியது.

"வ... ர... ணும்" என்றாள்.